குடியிருக்க ஏற்ற இடம் எது?



புது வீடு கட்டக் காணி தருகிறார்கள் என்றதும் நாம் முதலில் கேட்பது, "எத்தனை பேர்ச்சஸ்? ரோட்டுக்குக் கிட்டவா?" என்றுதான். இரண்டும் நல்ல கேள்விதான், ஆனால் போதாது. அங்கே காலநிலை எப்படி, பிள்ளைகள் ஓடி விளையாட இடம் உண்டா, மழை காலத்தில் பயமில்லாமல் தூங்கலாமா என்றும் கேட்க வேண்டும். நம்ம கினிகத்தேனைப் பக்கத்தையே உதாரணமாக வைத்து இம்முறை இதைப் படிப்போம்.

1. காலநிலை

மேல்நாடு என்றால் எல்லா இடமும் ஒரே குளிர், ஒரே மழை என்று வெளியாட்கள் நினைப்பார்கள். அது சரியல்ல. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே குளிர் அதிகம். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் சில நாள் காலையில் புல்லிலும் கொழுந்திலும் உறைபனி படியும். ஆனால் அங்கே வருடத்துக்குப் பெய்யும் மழை ஏறக்குறைய 1,900 மி.மீ. மட்டுமே. கினிகத்தேனை அதைவிடத் தாழ்ந்த இடம், குளிரும் குறைவு. மழையோ மிக அதிகம். பக்கத்திலுள்ள வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. இலங்கையிலேயே அதிக மழை காணும் இடங்களில் அது ஒன்று.

காரணம் என்ன? மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து, ஈரத்தை அங்கேயே கொட்டிவிடுகிறது. அந்தச் சரிவில்தான் நாம் இருக்கிறோம்.

இப்படிப்பட்ட இடத்தில் வீட்டுக்கு வெயிலும் காற்றும் முக்கியம். காலை வெயில் படாத காம்பராவில் உடுப்பு காயாது, சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். ஈரத்தோடு அடுப்புப் புகையும் சேர்ந்தால் சின்னப் பிள்ளைகளுக்கும் வயசானவர்களுக்கும் இருமலும் இழுப்பும் கூடும். எந்தப் பக்கம் வெயில் விழுகிறது, புகை எந்த வழியாகப் போகும் என்று பார்த்து வாசலும் ஜன்னலும் வைக்க வேண்டும்.

2. ஓடியாட இடம்

கித்துல்கலவில் களனி கங்கையில் படகு விடத் தூர ஊர்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அபர்டீன், லக்ஷபான நீர்வீழ்ச்சிகளைப் பார்க்க விடுமுறை நாளில் வேன் வேனாக வருகிறார்கள். நம்ம ஊரின் அழகு நமக்கும் சொந்தம்தான். ஆனால் தோட்டத்துப் பிள்ளைக்குத் தினமும் தேவைப்படுவது நீர்வீழ்ச்சியல்ல, பந்தடிக்க ஒரு சமதரை. பெரட்டுக்களம், கோயில் முற்றம், ஸ்கூல் மைதானம் என்று நடந்து போகும் தூரத்தில் ஏதாவது ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் ரோட்டிலும் ஆற்றிலும்தான் விளையாடுவார்கள்.

ஆற்றைப் பற்றி ஒரு சொல். மேலே மலையில் மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே ஓயா பெருகும். நோர்ட்டன்பிரிட்ஜ் போன்ற அணைகளின் வான்கதவு திறந்தால் நீர் சட்டென்று உயரும். நீர்வீழ்ச்சியில் குளிக்கப் போய் உயிர் இழந்த இளைஞர்கள் உண்டு. "நீச்சல் தெரியும்" என்று சொல்லும் பிள்ளையையும் தனியாக விடாதீர்கள்.

3. அபாயம்

2019 ஜூலை மாத மழையில் கினிகத்தேனை நகரிலேயே ரோட்டோரக் கடைகள் சரிந்து விழுந்தன. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமற் போனார்கள். அந்த இடம் ஆபத்தானது என்று பல வருடங்களுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. ஆனாலும் போய்க் குடியிருக்க வேறு இடமில்லாமல் சனங்கள் அங்கேயே இருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவுகள் பெரும் நாசம் செய்தன. அது தென்மேல் பருவகாலமும் அல்ல. ஆகவே "நம்ம மழை ஆடியோடு முடிஞ்சிரும்" என்று இருந்துவிட முடியாது.

மலை சரியுமுன் பல தடவை அடையாளம் காட்டும்:

• நிலத்தில், சுவரில் புதிய வெடிப்பு
• மரமும் போஸ்டும் சாய்தல்
• கதவு, ஜன்னல் திடீரென இறுகுதல்
• புதிதாக ஊற்று கிளம்புதல், இருந்த ஊற்று நின்றுபோதல், தண்ணீர் கலங்கி வருதல்

மழையை அளக்கவும் பழகுவோம். நேரான பக்கமுள்ள வெறும் டின் ஒன்றை வெட்டவெளியில் வையுங்கள். தேங்கிய தண்ணீரை அடிமட்டத்தால் அளந்தால் ஒரு சென்ரிமீற்றர் என்பது 10 மி.மீ. மழை. 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. தாண்டினால் விழிப்பாக இருங்கள். 100 மி.மீ. தாண்டினால் பிள்ளைகளையும் முக்கிய பத்திரங்களையும் ஆயத்தமாக வைத்திருங்கள். 150 மி.மீ. தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 மி.மீ. பெய்தாலோ, வெளியேற வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடும்போது பார்ப்பதும் இவ்வளவுகளைத்தான். டின்னில் குறைவாக இருக்கிறதே என்று அறிவித்தலை அலட்சியம் செய்யக் கூடாது. அடையாளம் கண்டால் அளவு வரும்வரை காத்திருக்கவும் கூடாது.

ஒரு பேர்ச் என்பது சுமார் 25 சதுர மீற்றர். 100 மி.மீ. மழையில் அந்த ஒரு பேர்ச்சில் மட்டும் 2,500 லீற்றர் தண்ணீர் விழுகிறது. இவ்வளவு தண்ணீரும் வழிந்தோடக் கான் வேண்டும். கானில் குப்பை போட்டு அடைத்தால் தண்ணீர் மண்ணுக்குள்தான் இறங்கும். காம்பராவைப் பெரிசாக்க மேட்டை வெட்டுவதும் மலையின் காலை வெட்டுவது போலத்தான்.

கூட்டிப் பார்க்கக் கூடாத கணக்கு

பிள்ளைகளின் பரீட்சை போல மூன்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டிவிடலாமா? காலநிலைக்கு 9, மைதானத்துக்கு 9, பாதுகாப்புக்கு 1 என்றால் மொத்தம் 19. மற்ற இடத்தில் மூன்றுக்கும் 6 வீதம் 18. அப்படியானால் முதல் இடம் நல்லதா? இல்லை. ஈரத்துக்குக் கூரையும் ஜன்னலும் பரிகாரம். மைதானத்தை எல்லாரும் சேர்ந்து சமப்படுத்தலாம். சரிந்த மலைக்குப் பரிகாரம் இல்லை. ஆகவே பாதுகாப்பில் தேறிய இடத்துக்குத்தான் மற்றப் புள்ளிகளைப் போட வேண்டும்.

நாம் நினைத்த இடத்தில் காணி எடுக்கும் நிலை நமக்கு இல்லை என்பது உண்மை. அதனால்தான் கேட்பது அவசியமாகிறது. காணியைக் காட்டும்போதே, "தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த இடத்தைப் பார்த்ததா? அறிக்கை எங்கே?" என்று தோட்ட நிர்வாகத்திடமும் கிராம உத்தியோகத்தரிடமும் கேளுங்கள். தனியாளாகப் போகாமல் லயத்தோடு சேர்ந்து எழுத்தில் கேளுங்கள். ஆபத்து நேரத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழையுங்கள்.

வீட்டில் கூடிப் பேச:

1. நம் லயத்துக்கு மேலே உள்ள கான் கடைசியாக எப்போது துப்பரவாக்கப்பட்டது?
2. நடுச்சாமத்தில் வெளியேற நேர்ந்தால் எந்த வழி, எந்த இடம்?
3. நடக்க முடியாத தாத்தா, பாட்டியை யார் தூக்குவது?

மூன்றாவது கேள்விக்கு இன்று இரவே ஒரு பெயரைச் சொல்லி வையுங்கள்.