கிளை அலுவலகத்துக்கு ஒரு மெயில் சர்வர்

பக்கத்து மேஜைக்கு அனுப்பும் மெயிலும் தலைமை அலுவலகம் போய்த் திரும்பினால், இன்டர்நெட் லைன் போனதும் கிளையில் வேலை நின்றுவிடும். அதனால் கிளைக்கென்று தனி டொமைனும் மெயில் சர்வரும் வைப்பது நல்லது. நான் பயன்படுத்துவது லினக்ஸில் இயங்கும் இலவச சாப்ட்வேரான போஸ்ட்பிக்ஸ்.

1. கிளை சர்வரில் ‘ரிலேஹோஸ்ட்’ என்ற இடத்தில் தலைமை சர்வரின் முகவரியைக் கொடுங்கள். வெளி மெயில் மட்டும் அங்கே போகும்.

2. தலைமை சர்வரின் ‘ரிலே டொமைன்ஸ்’ பட்டியலில் கிளையின் டொமைனைச் சேருங்கள். ‘டிரான்ஸ்போர்ட்’ அட்டவணையில் கிளை சர்வரின் முகவரியைக் குறிப்பிடுங்கள்.

3. அங்குள்ள ‘மைநெட்வொர்க்ஸ்’ பட்டியலில் கிளை சர்வரின் ஐ.பி. எண்ணை மட்டும் கூடுதலாகச் சேருங்கள். எல்லோருக்கும் திறந்துவிட்டால் ஸ்பாம் அனுப்புவோர் புகுந்துவிடுவார்கள்.

லைன் போனாலும் மெயில் தொலையாது. இரு சர்வர்களும் அதை வரிசையில் வைத்து மீண்டும் மீண்டும் முயலும். நீங்கள் மாற்றாவிட்டால், 5 நாட்களுக்குப் பிறகே அனுப்பியவருக்குத் திரும்பும். அதற்குள் லைனைச் சரிசெய்துவிடுங்கள்!