தாய்மார்களுக்கு ஒரு பாடம்: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்
கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் வலி தருவதில்லை. ஆகையால் 30 வயதைக் கடந்தவர்கள் சுகமாயிருக்கும்போதே பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சி பெற்ற நர்ஸ், வினிகரில் உள்ள அமிலத்தை நீர்க்கச் செய்து அவ்விடத்தில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார். வெண்திட்டு தோன்றினால் அது சந்தேகக் குறியே; புற்றுநோய் என்ற தீர்ப்பு அன்று. பிறகு வைத்தியர் உருப்பெருக்கிக் கருவியால் நோக்கி, வேண்டுமானால் சிறு சதைத்துணுக்கை எடுத்துச் சோதித்த பின்னரே உண்மை தெரியும்.

திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுள்ள பெண்களிடையே இவ்விதம் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2007-ல் வெளியாயிற்று. ஒரே முறை பரிசோதித்து, தேவைப்பட்டோருக்குச் சிகிச்சை அளித்ததிலேயே இந்நோயால் நேரும் மரணம் 35 சதவீதம் குறைந்தது.

கூச்சத்தால் உயிரை இழப்பானேன்? கணவன்மாரே, நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.