மீன் படத்தில் எதை வெட்டுவது?

காயல்பட்டினத்துப் பிள்ளைகளுக்கு மீன் புதிதல்ல. ஆயினும் கல்விச் சுற்றுலாவில் மண்டபம் கடல்மீன் காட்சியகத்தில் என் கைப்பேசியை வாங்கி மாறி மாறிப் படமெடுத்தனர். எட்டாம் வகுப்பு மாணவி எடுத்த கோமாளி மீன் படத்தைச் சுவர்ப் பத்திரிகைக்குத் தேர்ந்தெடுத்தோம்.

மீன் நடுவில் இருந்தது. தொட்டி சாய்ந்திருந்தது. ஓரத்தில் எங்கள் நிழலும் விழுந்திருந்தது. கைப்பேசியிலேயே மூன்று படிகளில் திருத்தினோம்.

1. நேராக்குதல்: தொட்டியின் அடிவிளிம்பு கிடைக்கோடாகும்வரை படத்தைச் சுழற்றினோம். சுழற்றும்போது ஓரங்கள் குறையும். எனவே இதை முதலில் செய்ய வேண்டும்.

2. இடம் விடுதல்: திரையில் தெரியும் கோடுகள் படத்தை ஒன்பது கட்டங்களாகப் பிரிக்கும். இடப்புற மேல் சந்திப்பில் மீனின் கண்ணை வைத்து, அது நீந்தும் வலப்பக்கம் இடம் விட்டோம். முன்னால் இடமில்லாவிட்டால் மீன் சுவரில் முட்டுவதுபோல் தோன்றும்.

3. கணக்கிடுதல்: மூலப்படம் 4000×3000, அதாவது 1.2 கோடி படப்புள்ளிகள். வெட்டியபின் 2000×1500, அதாவது 30 லட்சம். 4:3 விகிதம் மாறவில்லை; புள்ளிகளோ கால் பங்காகிவிட்டன. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் எனில், 5 அங்குல உயரத்துக்கு மேல் அச்சிட்டால் தெளிவு குறையும்.

படம் அழகாக வந்தது. நானும் பாராட்டி ஒட்டினேன். மறுநாள் ஆறாம் வகுப்பு மாணவன் கேட்டான்: "சார், இந்த மீனு தனியாத்தான் இருக்குமா?"

அப்போதுதான் தவறு புரிந்தது. வெட்டிய கீழ்ப்பகுதியில் கடல் சாமந்தி இருந்தது. அதன் கொட்டும் உணர்நீட்சிகள் கோமாளி மீனைக் காக்கின்றன. சாமந்தியைத் தின்ன வரும் மீன்களைக் கோமாளி மீன் விரட்டுகிறது. கூட்டுயிர் வாழ்க்கைக்குக் கிடைத்த நல்ல சான்றை அழகுக்காக நானே நீக்கியிருந்தேன்.

மூலப்படத்தை அழிக்காதது நல்லதாயிற்று. 2800×2100 அளவில் மீண்டும் வெட்டினோம். இடப்புறம் மேலே மீன், வலப்புறம் கீழே சாமந்தி. முன்னதைவிட இதில் சமநிலையும் கூடியிருந்தது.

வகுப்பறையில் செய்ய: ஒரே படத்தைக் குழுக்கள் இரு விதமாக வெட்டட்டும். "எதை நீக்கினீர்கள்? அதனால் பார்ப்பவர் எதை அறியாமல் போவார்?" என்று கேளுங்கள். படமெடுக்கும்போது ஃபிளாஷை அணைத்து, லென்ஸைக் கண்ணாடியை ஒட்டிப் பிடித்தால் பிரதிபலிப்பு குறையும். நிறத்தை மட்டும் மிகைப்படுத்த வேண்டாம். மீனினத்தை அடையாளம் காண நிறமும் பட்டைகளும் தேவை. வெட்டுவது எப்போதும் நகலாகவே இருக்கட்டும்.