வயிற்றுக்குள் ஒரு காவல்

தாயின் வயிற்றில் குழந்தை வளர்கிறது. அதற்கு உணவு எப்படிக் கிடைக்கிறது? நஞ்சுக்கொடி வழியாகக் கிடைக்கிறது.

நஞ்சுக்கொடி அடை போல வட்டமாக இருக்கும். கருப்பையின் சுவரில் ஒட்டியிருக்கும். தொப்புள்கொடி அதைக் குழந்தையோடு இணைக்கும். குழந்தை பிறந்த பின் அதுவும் வெளியே வந்துவிடும்.

தாயின் இரத்தமும் குழந்தையின் இரத்தமும் நேராகக் கலப்பதில்லை. நடுவில் மெல்லிய திரை இருக்கிறது. உணவுச் சத்தும் பிராணவாயுவும் அதன் வழியே குழந்தைக்குப் போகும். கழிவுகள் தாயிடம் திரும்பி வரும்.

இந்தத் திரை பல கிருமிகளைத் தடுத்துவிடும். திரையைத் தாண்டும் கிருமிகளைப் பிடிக்க, நஞ்சுக்கொடிக்குள் காவல் அணுக்கள் இருக்கின்றன. அவை கிருமிகளை விழுங்கி அழிக்கும். இந்த அணுக்களைத் தாய் தருவதில்லை. கருவில் இருந்தே அவை உண்டாகின்றன. கருப்பைச் சுவரில் தாயின் காவல் அணுக்களும் உண்டு. அவை குழந்தையை அயலாராக நினைத்துத் தாக்குவதில்லை.

காவலை மீறும் கிருமிகள்

எல்லாக் கிருமிகளும் இந்தக் காவலுக்கு அடங்குவதில்லை.

முதல் மூன்று மாதத்தில் தாய்க்கு ருபெல்லா அம்மை வந்தால் ஆபத்து அதிகம். குழந்தைக்குக் காது கேளாமல் போகலாம். கண்ணில் புரை வரலாம். இதயக் கோளாறும் வரலாம்.

மலேரியாக் கிருமி நஞ்சுக்கொடியில் தங்கிவிடும். குழந்தை எடை குறைந்து பிறக்கும்.

சிபிலிஸ் என்ற பால்வினை நோயால் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம்.

ஜிகா கிருமி காவல் அணுக்களுக்குள்ளேயே புகுந்து பெருகும். 2015இல் பிரேசில் நாட்டில் பல குழந்தைகள் சிறிய தலையுடன் பிறந்தன. அதற்கு இந்தக் கிருமியே காரணம்.

என்ன செய்ய வேண்டும்?

கருவுற்றது தெரிந்தவுடன் சுகாதார நிலையத்தில் பதிய வேண்டும். இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். சிபிலிஸ் இருந்தால் பென்சிலின் ஊசியால் குணமாகும். கணவனும் சிகிச்சை பெற வேண்டும். கொசுவலைக்குள் தூங்க வேண்டும். காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். கடையில் தானாக மருந்து வாங்கிச் சாப்பிடக் கூடாது.

ரண ஜன்னித் தடுப்பூசியைத் தவறாமல் போட வேண்டும். அதனால் தாயின் உடலில் எதிர்ப்புச் சக்தி உண்டாகும். அது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போய்ச் சேரும். ஓர் ஊசி, இரண்டு உயிருக்குக் காவல்!

ருபெல்லாத் தடுப்பூசியைக் கர்ப்ப காலத்தில் போடக் கூடாது. குழந்தைப் பருவத்திலேயே போட வேண்டும். இன்றைய பெண் குழந்தைதான் நாளைய தாய்.

பேசிப் பார்ப்போம்

1. நஞ்சுக்கொடி குழந்தையை எப்படிக் காக்கிறது?
2. கணவனும் ஏன் சிகிச்சை பெற வேண்டும்?
3. உங்கள் ஊரில் கர்ப்பிணிகளுக்கு எங்கே பரிசோதனை நடக்கிறது?