கூட்டுப்பானையும் பருவக்காற்றும்: தாமிரபரணிக் கரையில் கூண்டுப் பறவை வளர்ப்பு

திருநெல்வேலி வட்டாரத்துக் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்ற பெயரால் விற்கப்படுவது பட்ஜிரிகர் என்னும் ஆஸ்திரேலியச் சிறுகிளியே. அப்பெயருக்கு உண்மையில் உரிய பறவை ‘ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ்’ என்று அடைமொழியுடன் வழங்கப்படுகிறது. இந்தப் பெயர்க் குழப்பத்தால் இரண்டையும் ஒரே கூண்டில் விடுவோர் உண்டு. விட்ட சில நாள்களிலேயே ஆப்பிரிக்கப் பறவை பட்ஜிரிகரின் கால்விரல்களைக் கடித்துக் குதறிவிடுவதைக் காண்கின்றனர்.

புதிதாக வளர்க்கத் தொடங்குவோர் தீனியையும் கூண்டையும் பற்றியே மிகுதியாகக் கேட்கின்றனர். ஆனால் இப்பள்ளத்தாக்கில் வெற்றியையும் இழப்பையும் தீர்மானிப்பது, கூட்டுப்பானையை எந்த மாதத்தில் கட்டுவது, எந்த மாதத்தில் கழற்றுவது என்பதே. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் மழை பெய்து புல்விதை முற்றும் காலத்தில் இனம்பெருக்கும் பட்ஜிரிகர், கூண்டில் தீனியும் பானையும் எந்நேரமும் கிடைப்பதால் ஓய்வின்றி முட்டையிட முனைகிறது. அந்த ஓய்வை அளிக்க வேண்டியவர் வளர்ப்பவர்தான். சித்திரை, வைகாசி வெயிலில் பானைக்குள் குஞ்சுகள் வெந்துபோகின்றன. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று குற்றாலத்தில் சாரலாக இருந்தாலும் நெல்லைச் சமவெளியில் புழுதியையே கொணர்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தீனி பூசணம் பிடிக்கிறது. எனவே மார்கழி நடுவில் பானையைக் கட்டிப் பங்குனி முடிவில் கழற்றுவதே பொருத்தமான முறை. பட்ஜிரிகர் ஒருநாள் விட்டு ஒருநாளாக நான்கு முதல் ஆறு முட்டைகள் இடும். அடைகாலம் ஏறத்தாழ 18 நாள். பொரிந்த குஞ்சு ஐந்து வாரத்தில் பானையை விட்டு வெளிவரும். முதல் ஈட்டுக் குஞ்சுகள், அதாவது ஒரே தடவை இட்ட முட்டைகளிலிருந்து பொரிந்தவை, வெளிவரும் முன்பே பெட்டை மறு ஈட்டைத் தொடங்கிவிடுவதால், மேற்சொன்ன இடைவெளியில் இரண்டு ஈடுகள் அடங்கும். மூன்றாவதை அனுமதிப்பது பேராசை. சுண்ணாம்புச் சத்து குறைந்த பெட்டை, முட்டையை வெளியிட இயலாமல் இறக்க நேரும். அதைத் தடுக்கக் கடல்நுரை, அதாவது கணவாய் ஓடு, ஆண்டு முழுவதும் கூண்டில் தொங்க வேண்டும்.

பானை மண்பானையாகவே இருப்பது நல்லது. சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள காருகுறிச்சியில் வனையப்படுவதைப் போன்ற சுட்ட மண்கலம், நுண்துளைகள் வழியே வெப்பத்தையும் ஈரத்தையும் வெளிவிடுவதால், பலகைப் பெட்டியைக் காட்டிலும் இந்த நிலத்துக்கு ஏற்றது. ஆனால் அதன் வழவழப்பான உட்புறத்தில் குஞ்சின் கால்கள் இருபுறமும் சறுக்கி விரிந்து நிரந்தர ஊனமாகிவிடும் என்பதால், அடியில் மரச்சீவல் பரப்புவது இன்றியமையாதது. இணைகளின் எண்ணிக்கையைவிட இரண்டு பானைகள் கூடுதலாக, எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் கட்ட வேண்டும்; இல்லையேல் மேல்பானைக்காகப் பெட்டைகள் முட்டைகளை உடைத்துக்கொண்டு சண்டையிடும்.

தீனியில் தினையும் சாமையும் அடிப்படை. முருங்கைக்கீரை வாரம் இருமுறை போதும். எச்சத்தைக் காய்ந்த நிலையில் பெருக்கக் கூடாது: கிளிக்காய்ச்சலை உண்டாக்கும் நுண்ணுயிரி அத்தூசி வழியாக மனிதரின் நுரையீரலை அடையும் என்பதால், நீர் தெளித்து, முகக்கவசம் அணிந்தே அள்ள வேண்டும். புதிதாக வாங்கிய பறவை ஒரு மாதம் தனிக்கூண்டில் இருக்க வேண்டும்; அவசரப்பட்டுச் சேர்த்த ஒரே பறவையால் கொட்டில் முழுவதையும் இழந்தவர்கள் உள்ளனர். ஆற்றோரத் தெருக்களில் கூண்டைத் தரையில் வைப்பதும் ஆபத்தானது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டித் தாமிரபரணி கரைபுரண்ட அனுபவம், கூண்டுகளை மாடிக்கு மாற்றும் ஏற்பாடு மார்கழி பிறக்கும் முன்பே வேண்டும் என்பதைக் காட்டிற்று.

எந்தப் பறவையை வளர்க்கலாகாது என்பதில் சட்டம் தெளிவானது. பச்சைக்கிளி, மைனா, சில்லை ஆகிய நாட்டுப் பறவைகளைப் பிடிப்பதையும் விற்பதையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. சாயம் பூசி விற்கப்படும் ‘பிஞ்சஸ்’ பெரும்பாலும் காட்டில் வலைவீசிப் பிடித்த சில்லைகளே என்பதை வாங்குவோர் அறிந்திருக்க வேண்டும். நாட்டுப் பறவைகளை நேசிப்போருக்குக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. வெளிநாட்டுப் பறவைகளுள்ளும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவற்றை 2024ஆம் ஆண்டு விதிகளின்படி சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். பட்ஜிரிகரும், ‘காக்டெயில்’ என்று விற்கப்படும் காக்கட்டீல் கிளியும் அப்பட்டியலில் இல்லை.

கண்காட்சிக்குரிய பட்ஜிரிகர் கடைப்பறவையைவிடப் பெரிது. அகன்ற தலையும், தொண்டையில் சம இடைவெளியில் ஆறு கரும்புள்ளிகளும் அதற்கு வேண்டும். இங்கிலாந்தில் 1925இல் இதற்கெனச் சங்கம் தோன்றியது முதல் இலக்கணம் வகுக்கப்பட்டு வருகிறது. அவ்விலக்கணத்தைத் தேடுவோர், குஞ்சுக்கு ஏழு முதல் பத்து நாளுக்குள், விரல்கள் வளையத்துள் நுழையும் பருவத்திலேயே, ஆண்டும் எண்ணும் பொறித்த மூடிய வளையத்தைக் காலில் இட்டுப் பெற்றோர் விவரத்தைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். போட்டிக்கு ஒரு மாதம் முன்பிருந்தே சிறிய காட்சிக்கூண்டில் நாள்தோறும் சில மணி நேரம் பழக்கப்படுத்திய பறவையே நடுவர் முன் அஞ்சாமல் கம்பில் நிமிர்ந்து நிற்கும்.