விழாப் படங்களில் எது?

கேள்வி: விழாக்களில் பார்த்த ஈழத்துப் படங்களில் பிடித்தது எது? எதற்குக் காத்திருக்கிறீர்கள்?
– வாசகர், பேசாலை

பதில்: ‘இனி அவன்’ (2012). இயக்குநர் அசோக ஹந்தகம சிங்களவர், படமோ தமிழ்ப்படம். ஊர் திரும்பும் முன்னாள் போராளியைச் சனங்கள் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதுதான் படம். அவனாக வாழ்ந்த தர்ஷன் தர்மராஜ் 2022இல் காலமானார், பெரிய இழப்பு.

2015இல் கானில் தங்கப்பனை வென்ற ‘தீபன்’ இதைவிடப் பேர்பெற்றது. ஷோபாசக்தியின் நடிப்பு அபாரம். கடைசிச் சண்டைதான் எனக்கு ஒட்டவில்லை. ரொட்டர்டாமில் 2023இல் பரிசு பெற்ற விசாகேச சந்திரசேகரத்தின் ‘மணல்’ படத்தையும் தவறவிடாதீர்கள்.

காத்திருப்பதா? 1964 புயலுக்கு முந்திய தலைமன்னார்–தனுஷ்கோடிக் கப்பலைப் பற்றி மன்னார்க்காரர் ஒருவர் எடுக்கப்போகும் படத்துக்கு. 2015இல் தொடங்கிய யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழாவுக்கே முதலில் அனுப்பட்டும். கான் பிறகு பார்க்கலாம்.