இன்ஜின் தரையில் இருக்கும்போதே

அன்புள்ள முரளிக்கு மாமாவின் ஆசிகள்.

உன் டாக்ஸிக்குச் சென்னை புதுப்பேட்டையிலிருந்து செகண்ட் ஹேண்ட் இன்ஜின் வந்துவிட்டது, புதன்கிழமை ஏற்றுகிறார்கள் என்று உன் அம்மா போனில் சொன்னாள். “செயின், ஆயில் பம்ப் எல்லாம் நல்லாத்தான் இருக்காம், அப்படியே மாட்டிடறாங்களாம்” என்றும் சொன்னாள். மாமாவுக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நேரில் பேசினால் குரல் உயர்ந்துவிடும், எழுதுங்கள் என்றாள் அத்தை.

உன் டிசையரில் இருப்பது ஃபியட் உருவாக்கிய 1.3 மல்டிஜெட். 1248 சி.சி., நாலு சிலிண்டர், 16 வால்வு. மாருதி அதை 2007-இல் ஸ்விஃப்ட்டில் கொண்டுவந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபோது டீசலையே விட்டுவிட்டது. ஆகவே இன்று கிடைக்கிற எந்த மல்டிஜெட்டும் வருஷக்கணக்கில் ஓடிக் களைத்ததுதான். விற்றவர் எத்தனை கிலோமீட்டர் என்று சொன்னாலும், மீட்டர் பழைய வண்டியோடு போய்விட்டது.

இதில் கிராங்கையும் கேமையும் இணைப்பது பெல்ட் இல்லை, செயின். ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்று ஸ்டாண்டில் சொல்வார்கள். செயின் அறுவது அபூர்வம்தான். ஆனால் கண்ணிக்குக் கண்ணி பின்னும் புஷ்ஷும் தேய்கின்றன. மயிரிழை மயிரிழையாகச் சேர்ந்து மொத்தச் செயினும் நீண்டுவிடுகிறது. கிராங்க் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 தடவை திறந்து மூட வேண்டும். தளர்ந்த செயின் ஸ்ப்ராக்கெட்டில் பல் தாண்டினால் வால்வு பிஸ்டனில் போய் இடிக்கும். அதோடு ஹெட் வேலை, சில சமயம் இன்ஜினே போச்சு.

அந்தச் செயினை இறுக்கிப் பிடிப்பது டென்ஷனர். டென்ஷனரைத் தள்ளுவது ஆயிலின் அழுத்தம். அழுத்தத்தைக் கொடுக்கும் பம்ப், டைமிங் கவரோடு சேர்ந்து கிராங்க் முனையில் உட்கார்ந்திருக்கிறது. செயினை மட்டும் புதிதாகப் போட்டுத் தேய்ந்த பம்பை அப்படியே விட்டால், காலையில் முதல் ஸ்டார்ட்டில் கடகடவென்று சத்தம் வரும். பேரிங்குக்கும் போதுமான ஆயில் போகாது.

உன் அப்பாவின் வேனுக்கு நடந்ததும் இதுதான். இன்ஜின் பிரித்துக் கிடந்தபோது மாமா பம்பை மாற்றச் சொன்னார். ஓடுகிற பம்பை எதற்கு மாற்றுவது என்று வீட்டில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். யார் முதலில் சொன்னது என்பதை இப்போது கிளற வேண்டாம். துவரங்குறிச்சி தாண்டி, நடுராத்திரியில், கல்யாணக்காரர்களோடு வண்டி நின்றது. பெண் வீட்டார் சொன்ன வார்த்தைகளைக் கேட்டுக்கொண்டு நின்றவர் மாமாதான். மிச்சம் பிடித்த காசு, இழுத்துக்கொண்டு வந்த வண்டிக்கே போதவில்லை.

இதை மாமா கற்றது ரயில்வேயில். நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பணிமனை பொன்மலைக்கு வந்த 1920-களிலிருந்து நம் வீட்டில் யாராவது ஒருவர் அங்கே சங்குச் சத்தத்துக்கு எழுந்திருக்கிறார்கள். மாமாவின் காலத்தில் அங்கே வந்தவை ஆல்கோ டீசல் இன்ஜின்கள்: 16 சிலிண்டர், 2600 குதிரைத் திறன். அவற்றில் கேமைச் சுழற்றுவது செயின் அல்ல, பற்சக்கரங்கள். ஆனாலும் பி.ஓ.எச். என்கிற முழுப் பராமரிப்புக்குப் பிரித்தால் ‘மஸ்ட் சேஞ்ச்’ என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் உள்ள சீலோ கேஸ்கட்டோ பார்வைக்குப் புதிதுபோல மின்னினாலும் மறுபடி ஏறாது. அந்தப் பட்டியலில் உள்ளதைக் கண்ணால் பார்த்து நல்லது கெட்டது சொல்லும் உரிமையை எந்த ஃபிட்டருக்கும் ரயில்வே கொடுத்ததில்லை. அது சரியான முறை. டாக்ஸிக்கும் அதுவே சரி.

முடிவு உன்னுடையது. மாமா கட்டாயப்படுத்தவில்லை. மாற்றாமல் ஏற்றினால் இன்று காசு மிச்சம். பிறகு சத்தம் வந்தால் இன்ஜினை மறுபடி இறக்க வேண்டும், அதுவரை சமயபுரம், வயலூர் சவாரி எதுவும் கிடையாது. மாற்றுவதானால் செயின், இரண்டு ஸ்ப்ராக்கெட், கைடு, டென்ஷனர், பம்ப், முன்பக்க ஆயில் சீல் எல்லாம் சேர்த்து மாற்று. சம்ப்பைக் கழற்றி ஸ்ட்ரெய்னரைப் பார்க்கச் சொல். சீலன்ட்டை வழிய வழிய அப்பினால் உள்ளே பிதுங்கியது உதிர்ந்து ஸ்ட்ரெய்னரில்தான் அடைக்கும். கிராங்க், கேம் இரண்டுக்கும் லாக் பின் போட்டுத்தான் டைமிங் வைக்க வேண்டும், குறி போட்டு மாட்டுகிற வேலை வேண்டாம். முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பு, டீசல் போகாமல் நிறுத்திவிட்டு, ஆயில் லைட் அணையும்வரை சுற்ற விடு.

இன்னொன்று. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, இன்ஜின் மாறினால் ஆர்.சி.யிலும் ஏற வேண்டும். விற்றவரிடம் பில் வாங்கிக்கொண்டு நம் ஸ்ரீரங்கம் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேள். இன்ஷூரன்ஸ்காரருக்கும் புது இன்ஜின் நம்பரைச் சொல்லிவிடு.

ரொம்ப எழுதிவிட்டதாக அத்தை கோபிக்கிறாள். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் நடக்க முடியாத பெரியவர்களைக் காசு வாங்காமல் கொண்டுபோய் விட்டவன் நீ. நம் வீட்டில் உன்னைப்போலப் பொறுப்பான பிள்ளை வேறு யாரும் இல்லை, உன் அப்பாவும் உன்னைப் பார்த்து எத்தனை பெருமைப்படுவார் தெரியுமா. வண்டியை நீ எப்படிச் செய்தாலும் மாமாவுக்குச் சம்மதம். பம்புக்கும் செயினுக்கும் ஆகிற பணத்தை உன் அம்மா கணக்கில் போட்டாகிவிட்டது. திருப்பித் தருகிற பேச்சை எடுக்காதே. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. அத்தை உனக்காக வற்றல்குழம்பு வைக்கிறாள்.

அன்புடன்,
மாமா